ஜூலையில் வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலையில் (சுருக்கமாக பெர்க்) பனி விழுந்த செய்தி வந்தாலே போதும், டர்பனிலிருந்து கார்கள் கிளம்பிவிடும். ஜீன்ஸும் ஓட்ட ஷூவுமாக மூவாயிரம் மீட்டரில் நிற்பார்கள். "இது என்ன இமயமலையா? கணுக்கால் அளவு பனிதானே!" தீ மிதித்த காலுக்குப் பனி பெரிசா என்கிற ஆளும் உண்டு. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

கணக்குப் போடுங்கள். காற்று இறுக்கிய பனி கன மீட்டருக்குச் சுமார் 300 கிலோ. பத்துக்குப் பத்து மீட்டரில் 20 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சாண் கனம் என்றால் ஆறு டன். அது சரிந்து வந்தால் உங்களைப் புதைக்கவே வேண்டாம்; காலை வாரிக் கீழே பாறையில் மோதவிட்டால் போதும். (கத்தினால் பனி சரியும் என்பது சினிமா. சரியவைப்பது பெரும்பாலும் உங்கள் எடைதான்.)

இதைவிட எரிச்சலூட்டுவது திசைக் குழப்பம். வீடியோவில் ஐரோப்பியர் "வடக்கு பார்த்த சரிவில் ஜாக்கிரதை" என்பார். அவர் ஊரில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், அதனால் வடக்கு முகம் நிழலில் கிடக்கும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் நமக்கு நேர் எதிர்: ஜூலைதான் குளிர்காலம், சூரியன் வடக்கே சாய்ந்து போகும். ஜூலையில் துணி காய வீட்டின் எந்தப் பக்கம் கொடி கட்டுவது என்று டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி ஆயாவைக் கேளுங்கள், வடக்கு என்பார். நிழலில் கிடப்பது தெற்குப் பக்கம். பெர்க்கிலும் தெற்கு பார்த்த இடுக்குகளில்தான் பனி வாரக்கணக்கில் நின்று கண்ணாடியாய் இறுகும். வடக்கு முகம் பகலில் உருகி, இரவில் உறையும், காலையில் வழுக்கும். வீடியோவை நம்பி "தெற்கு நல்லது" என்று ஏறுகிறவர் நேரே பனிக்கட்டியில் போய் நிற்கிறார்.

காற்றையும் பாருங்கள். மேற்கிலிருந்து அடிக்கும் காற்று மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் லெசோத்தோ நாட்டு மேட்டுப் பனியை வாரி, நம் பக்க மலையிடுக்குகளில் கொட்டும். நாம் ஏறும் கணவாய்களும் அந்த இடுக்குகள்தான். சாய்வு 30 முதல் 45 பாகை, புதுப் பனி, காலடியில் பறை போல வெற்றொலி, ஷூவிலிருந்து ஓடும் விரிசல்: இதில் ஒன்றிரண்டு சேர்ந்தாலே திரும்பிவிடுங்கள். சாய்வை அளக்க போனிலேயே செயலி இருக்கிறது. கடந்தே தீர வேண்டுமென்றால் ஒவ்வொருவராகக் கடந்து போங்கள். மேலே விளிம்பில் நின்று போட்டோ வேண்டாம். காலுக்குக் கீழே பாறை இல்லாமல் வெறும் பனி நீட்டிக்கொண்டிருக்கலாம்.

பருத்தித் துணி நனைந்தால் காயாது; கம்பளி போடுங்கள். ஐஸ் ஆக்ஸை (பனிக்கோடரியை) வாங்கி முதுகில் தொங்கவிடுவது அலங்காரம். விழுந்தால் அதன் மேல் கவிழ்ந்து சறுக்கலை நிறுத்தப் பழகியவருக்கே அது உதவும். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று உளறினால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள், உடல் தோற்கிறது. கைகாலைத் தேய்க்காதீர்கள், பிராந்தி கொடுக்காதீர்கள். ஈரத் துணியைக் கழற்றிப் போர்த்தி, 112-ஐ அழையுங்கள்.

ஆகஸ்டோடு முடிந்தது என்றும் இல்லை. 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில், டர்பனையும் ஜோகன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையே பனியில் அடைபட்டது.

தயவுசெய்து, நுழைவாயிலில் இருக்கும் மீட்புப் பதிவேட்டில் வழியையும் திரும்பும் நாளையும் எழுதுங்கள். இறங்கியதும் மறக்காமல் கையெழுத்துப் போடுங்கள். மறந்தால், நீங்கள் வீட்டில் பிரியாணி சாப்பிடும் நேரத்தில் டார்ச்சோடு யாரோ உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.