உருளைக்கிழங்குக் கருகல்: மருந்துக்கு முன் மண்ணைப் பாருங்கள்

ஏப்ரல், மே மாதங்களில் நடும் கார்போகத்தில், ஜூலை நடுவில், ஊட்டிக்கு அருகே நஞ்சநாடு பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கூப்பிட்டார். மூன்று நாள் விடாத சாரல், அதற்கு மேல் மூடுபனி. "மேடம், போன வாரம்தான் மருந்து அடிச்சேன். இன்னைக்குப் பாத்தா கீழ்ப்பாதி முழுக்கக் கருகிப்போச்சு" என்றார். குரலில் அழுகை இருந்தது.

போய்ப் பார்த்தேன். தோட்டத்தின் மேல்பாதி பச்சையாக நின்றது. இலைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புள்ளி. கீழ்ப்பாதியில் தண்டு வரை கறுத்து, அழுகல் வாடை அடித்தது. இரண்டும் ஒரே விதை, ஒரே நாளில் நட்டது, ஒரே மருந்து. வித்தியாசம் மண்ணில் இருந்தது. சாலை கீழே போகிறது. கோழி எரு ஏற்றி வந்த லாரி அங்கேதான் கொட்டியிருக்கிறது. மேலே சுமந்து போகக் கூலி அதிகம் என்று பெரும்பகுதியைக் கீழேயே பரப்பிவிட்டார்கள். மேலிருந்து வடிந்த தண்ணீரும் கீழே வந்து தேங்கியது. அதிகத் தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஈரமும் சேர்ந்து, செடி இடுப்பு உயரத்துக்கு மண்டிவிட்டது. பகல் பதினொரு மணிக்கும் உள்ளே கைவிட்டால் இலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

இந்த நோயைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த மருந்து?" என்றுதான். நான் முதலில் கேட்பது, உங்கள் தோட்டத்தில் இலை எத்தனை மணி நேரம் நனைந்திருக்கிறது என்று.

காரணம், இந்தக் கருகலை, அதாவது பின்கருகலை, உண்டாக்கும் பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்ற நுண்ணுயிரியின் வாழ்க்கையே தண்ணீரில்தான் ஓடுகிறது. பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் அது உண்மையான பூஞ்சை அல்ல, நீர்ப்பாசிகளுக்கு நெருங்கிய உறவு. இலையின் அடியில் வெள்ளையாகப் பூக்கும் வித்துகள் காற்றில் பறந்து பக்கத்து இலையில் விழும். அந்த இலை நனைந்திருந்து, குளிரும் இருந்தால் ஒவ்வொரு வித்தும் வெடித்து, நீந்தும் குஞ்சு வித்துகளை வெளியே விடும். அவை இலைக்குள் புகுந்துவிட்டால், ஒரு வாரத்துக்குள் அந்த இலையே புதிய வித்துகளை உதிர்க்க ஆரம்பித்துவிடும். இங்கிலாந்தில் பல காலமாகப் பயன்பட்ட எச்சரிக்கைக் கணக்கு ஒன்று உண்டு: தொடர்ந்து இரண்டு நாள் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போகாமல், நாளுக்கு 11 மணி நேரமாவது காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் ஆபத்து. ஊட்டியின் மழைக்காலத்தில் இப்படி எத்தனை நாட்கள் வருகின்றன என்று இங்கே விவசாயம் செய்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அது பூஞ்சை அல்ல என்பதில் பணமும் அடங்கியிருக்கிறது. கார்பன்டசிம் போன்ற பூஞ்சை மருந்துகள் இதன்மேல் வேலை செய்யாது. அதையே இரண்டு மூன்று முறை அடித்துவிட்டு, மருந்து போலி என்று வருந்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானதே நீலகிரியில்தான், 1870-க்கும் 1880-க்கும் இடையில். அயர்லாந்தில் 1845-இல் தொடங்கிய பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்ததற்கும் இதே கருகல்தான் காரணம். ஒன்றரை நூற்றாண்டாக நம் மலையில் இருக்கும் ஒன்றை ஒரு பாட்டில் மருந்தால் விரட்டிவிட முடியாது. அதற்குப் பிடித்த சூழலை அதற்குக் கொடுக்காமல் இருக்க முடியும்.

முதலில் வடிகால். நம் ஆட்கள் தண்ணீர் நிற்கக் கூடாது என்பதற்காகப் பார்களை, அதாவது கிழங்கு நடும் மேட்டு வரிசைகளை, சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாக இழுப்பார்கள். நோக்கம் சரிதான், ஆனால் ஒவ்வொரு மழையிலும் மேல்மண் ஓடைக்குப் போகிறது. கிழங்கை மூடியிருக்கும் மண்ணும் அதோடு போகிறது. கீழ்ப்பகுதியில் சேறு தங்கி ஈரம் நிரந்தரமாகிறது. அதற்காகச் சமமட்டமாகப் பார் பிடித்தாலும் மழைக்காலத்தில் தண்ணீர் கட்டிக்கொள்ளும். உள்பக்கம் லேசாகச் சாய்ந்த படிக்கட்டு வரப்பு, அதன் உள்ளோரத்தில் ஒரு வாய்க்கால், பார்கள் மிகக் குறைந்த சாய்வில் குறுக்காக: இந்த அமைப்புதான் நம் மழைக்கு ஒத்துவருகிறது. செலவு பிடிக்கும் வேலை, ஒரே வருடத்தில் முடியாது. முடிந்தவரை கீழ்ப்பகுதியில் ஒரு குறுக்கு வாய்க்காலாவது எடுங்கள் என்று சொல்வேன். மேட்டுத் தண்ணீர் அதில் விழுந்து ஓரமாகப் போய்விட்டாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது உரம். மலைப்பகுதிக்கு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து, 240 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 120 கிலோ சாம்பல்சத்து (பொட்டாஷ்) என்பது பரிந்துரை. பாதியை அடியுரமாகவும் மீதியை 30 நாள் கழித்தும் போட வேண்டும். மணிச்சத்து ஏன் இரட்டிப்பு என்று கேட்பார்கள். நம் மண் புளிப்பு மண். இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். இந்தக் கணக்கில் கோழி எருவை யாரும் சேர்ப்பதில்லை. அதிலுள்ள தழைச்சத்தையும் கழித்துத்தான் யூரியா போட வேண்டும். கரும்பச்சையாகச் செடி மண்டுவதைப் பார்த்துப் பெருமைப்படும் தோட்டத்தில்தான் காற்று உள்ளே நுழையாது. இளந்தழை மென்மையாக இருக்கும், நோய் சுலபமாக ஏறும். முதிர்ச்சியும் தள்ளிப்போகும், கருகல் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் உங்கள் கிழங்கு இன்னும் பருத்துக்கொண்டிருக்கும். சாம்பல்சத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்காதீர்கள், செடிக்கு உறுதி கொடுப்பது அது.

சுண்ணாம்பு போடலாமா என்றால், மண் பரிசோதனை பார்த்துவிட்டுப் போடலாம். கார அமில நிலை 5-க்குக் கீழே இருந்தால் வேர் திணறும், கொஞ்சம் தூக்கிவிடுவது நல்லது. பக்கத்துத் தோட்டக்காரர் போட்டார் என்று மூட்டை மூட்டையாகக் கொட்டினால் கிழங்கில் சொறி நோய் வரும். சுண்ணாம்பு கருகலை நிறுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மண்ணில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைப் போட்டால் கருகல் வராது என்பதும் அப்படித்தான். மண்ணிலிருந்து வரும் சில அழுகல்களுக்கு அது உதவும், காற்றில் வந்து இலையில் இறங்கும் வித்தை அது தடுக்காது.

மண் அணைப்பை, அதாவது செடியின் அடியில் மண்ணை ஏற்றி மூடுவதை, நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். இலையில் உள்ள வித்துகளை மழை கழுவி மண்ணுக்குள் இறக்கும். மேலாக வெடிப்பு விட்ட பாரில் அவை நேராகக் கிழங்கைத் தொடும். ஆழமாக, இறுக்கமாக மூடிய கிழங்குக்கு மண்ணே வடிகட்டி. 45 நாள் வாக்கில் ஒரு முறை, 60 நாள் வாக்கில் இன்னொரு முறை என்று மண் அணைக்கச் சொல்கிறோம். கூலி கிடைக்கவில்லை என்று இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். இலை கருகினாலும் ஓரளவு கிழங்கு தேறும். கிழங்கிலேயே நோய் இறங்கினால் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேரும் முன்பே மூட்டை ஈரம் கசியும். ஒரு மருந்தடிப்பைக் குறைத்தாவது இரண்டாவது மண் அணைப்பைச் செய்யுங்கள்.

இதெல்லாம் ஒருவர் தன் தோட்டத்துக்குள் செய்துகொள்ளக்கூடியது. அப்புறம் தனியாகச் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது.

நமக்கு மூன்று போகம். ஜனவரி, பிப்ரவரியில் நீர்போகம், ஏப்ரல், மே மாதங்களில் கார்போகம், ஆகஸ்ட், செப்டம்பரில் கடைபோகம். ஒரே பள்ளத்தாக்கில் ஒருவர் கிழங்கு எடுக்கும்போது பக்கத்தில் ஒருவர் நடுகிறார். வருடம் முழுக்க எங்கேயாவது பச்சை உருளைச் செடி நிற்கிறது. கருகல் நுண்ணுயிரிக்கு உயிருள்ள செடியும் கிழங்கும்தான் முக்கியத் தங்குமிடம். நாம் அதைப் பட்டினி போடுவதே இல்லை. பழைய தோட்டத்தில் தானாக முளைத்த செடிகள், வரப்போரம் கொட்டிய கழிவுக் கிழங்குக் குவியல், இவையும் அதற்கு வீடுதான். குவியலை இரண்டடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள். முளைத்த செடியைக் கண்டவுடன் பிடுங்குங்கள், கேரட்டுக்கு நடுவே நின்றாலும் சரி.

பயிர்ச் சுழற்சியால் கருகல் ஒழியாது, காற்றில் வருவதாயிற்றே. ஆனாலும் சுழற்சி வேண்டும். 1961-இல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்ட, உருளையைத் தாக்கும் நூற்புழு இன்னும் நம் மண்ணில் இருக்கிறது. அது வேரைத் தின்று பலவீனமாக்கிய செடி கருகலையும் தாங்காது. உருளைக்குப் பின் பீன்ஸ், பட்டாணி, பூண்டு, கோஸ், கேரட் என்று மாற்றிவிட்டு வந்தால் மண்ணும் தேறும், தானாக முளைக்கும் செடிகளும் குறையும். பெரிய தோட்டத்தை உருளையாகவே நிரப்பாமல் இடையிடையே பீன்ஸ் பட்டை விட்டால் நோய் தாவும் வேகம் கொஞ்சம் குறையும். கொஞ்சம்தான், அதையே நம்பி இருக்க வேண்டாம்.

ரகத்தில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. குஃப்ரி ஜோதி 1968-இல் வந்தபோது கருகலைத் தாங்கியது, இப்போது அந்தத் தாங்குதிறன் பெரும்பாலும் போய்விட்டது. ஆனாலும் மண்டி விலைக்காக அதையேதான் நடுகிறோம். நூற்புழுவையும் கருகலையும் தாங்க வந்த குஃப்ரி சுவர்ணா, கருகலை நன்றாகத் தாங்கும் குஃப்ரி கிர்தாரி, இவற்றைக் கார்போகத்தில் தோட்டத்தின் ஈரமான மூலைக்காவது நட்டுப் பாருங்கள். விதைக்கிழங்கில் கறுப்பு அல்லது செம்பழுப்புத் திட்டு தெரிந்தால், வெட்டிப் பார்த்து ஒதுக்குங்கள்.

சரி, மருந்து. மான்கோசெப் போன்ற காப்பு மருந்து நோய் வருமுன் இலைமேல் இருக்க வேண்டும்; உள்ளே இறங்கிய நோயை அது குணப்படுத்தாது. ஒரு சதவீத போர்டோ கலவை வீட்டிலேயே தயாரிக்கலாம்: ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். பளபளப்பான இரும்புக் கத்தியை முக்கிப் பார்த்து, செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். உள்ளே ஊடுருவும் மெட்டலாக்சில் போன்றவற்றைத் தொடர்ந்து அடிக்காதீர்கள். அதற்கு அடங்காத வகைகள் தென்னிந்தியத் தக்காளித் தோட்டங்களில் ஏற்கெனவே வந்துவிட்டன. மூக்கு, வாயை மூடிக்கொள்ளாமல் யாரும் அடிக்க வேண்டாம்.

நோய் முக்கால்வாசித் தழையை எடுத்துவிட்டால், இன்னொரு முறை மருந்தடிப்பதை விட்டுத் தழையை அறுத்து அகற்றிவிடுங்கள். அறுத்து இரண்டு வாரமாவது கழித்து, மண் காய்ந்திருக்கும் நாளில் கிழங்கு எடுங்கள். அதற்குள் தோல் முற்றும், மேல்மண்ணில் இருக்கும் வித்துகளும் செத்துவிடும்.

அந்த நஞ்சநாடு விவசாயி அப்படித்தான் செய்தார். மேல்பாதி அவருக்குக் கைகொடுத்தது. கீழ்ப்பாதியில் விதை வாங்கிய காசு மட்டும் வந்தது. இந்த முறை அவரும் சுற்றியுள்ள நான்கு தோட்டக்காரர்களும் பேசி, கடைபோகத்தை ஒரே வாரத்தில் நடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். எருவை மேலேயே இறக்க மேட்டுப் பக்கம் பாதை ஒதுக்கியாயிற்று. நடவுக்கு முன் குறுக்கு வாய்க்கால் எந்த இடத்தில் எடுப்பது என்று பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார். வரும் வியாழக்கிழமை போகிறேன்.