கிராண்ட்: மானியமா, நல்கையா?

பல்கலைக்கழக நிதிப் பிரிவில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், "கிராண்ட் வந்துச்சா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். சம்பளம், ஓய்வூதியம், ஆய்வகத்துக்கு வாங்க வேண்டிய ரசாயனம் எல்லாம் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கும். அரசு கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்காத பணம்தான் கிராண்ட். அதையே ஆண்டுக்கு மொத்தமாகக் கொடுத்து, பிரித்துச் செலவழிப்பதைப் பல்கலைக்கழகத்திடம் விட்டால் பிளாக் கிராண்ட். இதைத் தமிழில் மானியம் என்பதா, நல்கை என்பதா?

ஆங்கிலத்துக்கு கிராண்ட் என்ற சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் வேர், 'நம்பு' என்று பொருள்படும் இலத்தீன் வினை. கிரெடிட் என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். நம்பித் தருவது கிராண்ட், நம்பிக் கடனாகத் தருவது கிரெடிட் என்று நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

இந்தியக் கல்வியில் கிராண்ட் முறைக்கு வழி போட்டது, ஆங்கிலேயர் ஆட்சியின் கல்விக் கொள்கையை வகுத்து 1854இல் வந்த வுட் அறிக்கை. பல்கலைக்கழகங்களுக்கு கிராண்ட் தர 1953இல் தொடங்கிய ஒன்றிய அரசு அமைப்பான யுஜிசிக்கு 'பல்கலைக்கழக மானியக் குழு' என்ற தமிழ்ப் பெயர் பரவிவிட்டது. எனக்கு இந்த மானியம்தான் உறுத்துகிறது. வடமொழியில் அது மதிப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஊர்ப்பக்கம் கோயிலுக்கோ ஊர் வேலை பார்ப்பவருக்கோ வரியில்லாமல் விட்ட நிலம் மானியம். இன்று காஸ் சிலிண்டர், உரம் என்று விலைச் சலுகைக்கெல்லாம் அதுவே பெயர். "மானியச் சுமையைக் குறைக்க வேண்டும்" என்று யாராவது பேசும்போது பல்கலைக்கழகப் பணமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. விரிவுரையாளரின் சம்பளம் எப்படிச் சலுகையாகும்?

இது வெறும் சொல் சண்டை இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் அதன் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியது, கேட்ட பாக்கி சுமார் 424 கோடி ரூபாய். வருமான வரி விதியின்படி, ஒரு பல்கலைக்கழகத்தின் ஆண்டு வரவில் பாதிக்கு மேல் அரசின் கிராண்டாக இருந்தால்தான் அது அரசுப் பணத்தில் நடப்பதாகக் கருதப்பட்டு, அத்தகைய கல்வி நிறுவனங்களுக்கான வரி விலக்கு கிடைக்கும். மாநில அரசின் பங்கு பாதிக்குக் கீழே போய்விட்டது என்பதுதான் இங்கே சிக்கல். அரசு கை இழுத்ததால் கட்டணத்தை நம்பி ஓட்டிய நிறுவனம், அதே காரணத்தால் வரியும் கட்ட வேண்டும் என்றால், அடி இரண்டு பக்கமும் விழுகிறது. அப்புறம் அது மாணவர்கள் தலையில்தான் இறங்கும்.

ஒன்றிய அரசுப் பக்கமும் பாருங்கள். 2017இல் கனரா வங்கியோடு சேர்ந்து ஹெஃபா என்ற உயர்கல்வி நிதி முகமையைத் தொடங்கினார்கள். கட்டடத்துக்கும் கருவிக்கும் முன்பு கிராண்டாக வந்த பணம் அதன் வழியே கடனாக வரத் தொடங்கியது. பழைய ஐஐடிகள் போன்றவை அசலைத் தங்கள் வருவாயிலிருந்து திருப்பிக் கட்ட வேண்டும், வட்டியை அரசு பார்த்துக்கொள்ளும். ஒரே வேரில் பிறந்த இரண்டு சொற்களில் ஒன்றின் இடத்தில் மற்றது வந்து உட்கார்ந்துவிட்டது.

சரி, தமிழில் எது பொருந்தும்? நல்கை. 'நல்கு' பழைய வினை. கொடுத்தல் என்பதோடு அன்பு காட்டுதல் என்ற பொருளும் உண்டு, குறளில் (1199) 'நல்கார்' என்று வருவது அன்பு காட்டாதவரைத்தான். அருள் வாடை அதிலும் கொஞ்சம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டால் மறுக்க மாட்டேன். ஆனால் விலைச் சலுகையோடு யாரும் அதைக் குழப்ப முடியாது, எனக்கு அதுவே முக்கியம். யுஜிசியைப் பல்கலைக்கழக நல்கைக் குழு என்று எழுதுகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். பிளாக் கிராண்டைத் தொகுப்பு நல்கை என்றும், ஆராய்ச்சிக்குத் தருவதை ஆய்வு நல்கை என்றும் எழுதலாம். மானியத்தைச் சிலிண்டருக்கும் உரத்துக்கும் விட்டுவிடுவோம்.