காது நன்றாகத்தான் இருக்கிறது

எங்கள் பயிற்சி வகுப்பில் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகாத ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து, "சார், காதுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். அமெரிக்க மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்யும் நோயாளிக் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்தான் எங்கள் வேலை. அவர் பார்மசி படித்தவர், மருந்துப் பெயர்கள் அத்துப்படி. ஆனால் முந்தைய நாள், நோயாளியால் துணையில்லாமல் நடக்க முடியாது என்று டாக்டர் சொன்னதை, நடக்க முடியும் என்று அடித்திருந்தார்.

பதிவை மறுபடி ஓட்டினோம். டாக்டர் சொன்னது 'கேன்ட்'. அமெரிக்கப் பேச்சில் அந்தக் கடைசி 'ட்' பெரும்பாலும் வெளியே வராது, தொண்டையிலேயே நின்றுவிடும். மிஞ்சுவது 'கேன்'. சரி, அப்படியானால் 'முடியும்' என்பதற்கு என்ன செய்வார்கள்? அது வாக்கியத்தின் நடுவில் 'க்கன்' என்று சுருங்கிப்போகும். அதாவது, 'ஏ' சத்தம் முழுதாகக் கேட்டால் முடியாது, நசுங்கிக் கேட்டால் முடியும். நாமோ எல்லா இடத்திலும் 'கேன்' என்று முழுசாகச் சொல்லிப் பழகியவர்கள். முழு 'கேன்' காதில் விழுந்தவுடன் முடியும் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பெண்ணின் காது ஒலியைச் சரியாகவே பிடித்திருந்தது. 'ட்' வருகிறதா என்று காத்திருந்ததுதான் தப்பு.

ஆங்கிலம் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம் என்று எனக்குத் தோன்றும். சொற்களைக் கண்ணால் தெரிந்து வைத்திருக்கிறார்கள், காதால் அல்ல. அச்சில் சொல்லுக்குச் சொல் இடைவெளி உண்டு. பேச்சில் அது கிடையாது. எங்கள் அலுவலகத்தில் இருந்த ஒடிசாக்காரர் ஒருவர் புத்தகம் வைத்துத் தமிழ் கற்றார். 'எங்கே போய்க்கொண்டிருக்கிறாய்' என்பதைப் பிழையில்லாமல் எழுதுவார். டீக்கடையில் ஒருவர் "எங்க போய்ட்ருக்க?" என்றதும் திருதிருவென விழித்தார்.

பள்ளியில் படித்த புணர்ச்சி விதி ஞாபகம் இருக்கிறதா? பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடி, அது தோன்றல். பொன்னும் குடமும் பொற்குடம், திரிதல். மரமும் வேரும் மரவேர், கெடுதல். இந்த மூன்றும் ஆங்கிலப் பேச்சில் அப்படியே உண்டு. 'நெக்ஸ்ட் டே' என்பது 'நெக்ஸ்டே' ஆகும்போது ஒரு 'ட்' கெடுகிறது. 'டென் மில்லிகிராம்' வேகத்தில் 'டெம்மில்லிகிராம்' என்று திரியும். 'லா அண்ட் ஆர்டர்' என்பதில் பிரிட்டிஷ்காரர்கள் பலர் 'லா'வுக்குப் பின்னால் எழுத்தில் இல்லாத ஒரு 'ர்' தோன்றச் செய்கிறார்கள். நாம் புணர்ந்ததை அப்படியே எழுதிவிடுகிறோம். அவர்கள் பிரித்து எழுதிவிட்டுச் சேர்த்துப் பேசுகிறார்கள். இதைச் சொன்னதும் வகுப்பில் பாதிப் பேர் முகத்தில் நிம்மதி தெரியும்.

இன்னொரு சிக்கல் மூளையின் தாராள குணம். 1970-இல் ரிச்சர்ட் வாரன் என்ற அமெரிக்க உளவியலாளர், பதிவு செய்த ஒரு வாக்கியத்தில் 'லெஜிஸ்லேச்சர்ஸ்' என்ற சொல்லின் நடுவிலிருந்த 'ஸ்' ஒலியை வெட்டியெடுத்து, அங்கே ஓர் இருமலை ஒட்டினார். கேட்ட 20 பேரில் 19 பேர் ஒலி எதுவும் விடுபடவில்லை என்றார்கள். மிச்சமிருந்த ஒருவரும் வேறு ஒலியைத்தான் காட்டினார். தாய்மொழியில் மூளை நிரப்பிக்கொள்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். இரண்டாவது மொழியிலும் அது சும்மா இருக்காது, நிரப்பும், ஆனால் தனக்குத் தெரிந்ததை வைத்து. நாம் கேட்டது போலவே இருக்கும்.

அதனால்தான் எங்கள் தொழிலில் கேட்காத இடத்தில் ப்ளாங்க் விடச் சொல்கிறோம். புதிதாக வந்தவர் ஒரு ப்ளாங்க்கூட இல்லாமல் ரிப்போர்ட் கொடுத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். 'டிஸ்ஃபேஜியா' என்றால் விழுங்குவதில் சிரமம், 'டிஸ்ஃபேசியா' என்றால் பேச்சில் சிரமம். பக்கவாத நோயாளிக்கு இரண்டும் வரலாம் என்பதால் நோயின் பெயரும் கை கொடுக்காது. அடுத்த வரியில் டாக்டர் உணவைக் குழைத்துக் கொடுக்கச் சொல்கிறாரா, பேச்சுப் பயிற்சிக்கு அனுப்புகிறாரா என்று பார்க்க வேண்டும். பதினைந்தா ஐம்பதா என்ற குழப்பத்துக்குப் பயந்து, கவனமான டாக்டர்கள் 'ஒன் ஃபைவ்' என்று இலக்கம் இலக்கமாகவே சொல்லிவிடுவார்கள்.

படம் பாருங்கள், காது பழகிவிடும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். சப்டைட்டிலோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கண்தான் வேலை செய்யும். அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்தது பத்து நொடிப் பதிவுகள். எழுத்தைப் பார்க்காமல் நான்கைந்து முறை கேட்டு, கேட்டதை எழுதி, அப்புறம் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். தவறிய ஒவ்வோர் இடத்திலும் தோன்றியதா, திரிந்ததா, கெட்டதா என்று குறிக்க வேண்டும். கடைசியில் அதே வேகத்தில் தானும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதைச் செய்யத்தான் எல்லோரும் வெட்கப்படுகிறார்கள். அவரும் முதல் வாரம் கதவைச் சாத்திக்கொண்டுதான் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து அவருடைய நோட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் 'கெ', 'கெ', 'தி', 'கெ' என்று சிவப்பு மையில் குறிப்புகள். அன்றைய ரிப்போர்ட்டில் இரண்டு ப்ளாங்க். இரண்டாவது இடத்தை நானும் ஆறு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, ப்ளாங்காகவே அனுப்பினேன்.