கிரேற்றன் என்பதைத் திண்ணிலம் என்போம்

கண்டத்தின் மிகப் பழைய, அசையாத பகுதிதான் கிரேற்றன். கண்டங்கள் மோதுவதும் மலைகள் எழுவதும் அதன் ஓரங்களில். நடுப்பகுதி நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிதாகக் குலையாமல் கிடக்கும்.

வலிமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'கிராற்றோஸ்'. அதிலிருந்து ஒஸ்திரிய நிலவியலாளர் லியோபோல்ட் கோபர் 1921இல் 'கிராற்றோஜென்' என்றொரு சொல்லை ஆக்கினார். ஜேர்மனியரான ஹான்ஸ் ஷ்டில்லே பின்னர் அதைச் சுருக்கினார். மோதலில் மடிந்து எழும் ஓரத்துக்குப் பெயர் 'ஓரோஜென்'. தமிழில் மலையாக்கப் பட்டை.

கிரேற்றனைக் 'கேடயம்' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பழம்பாறை வெளியே தெரியும் பகுதி மட்டுமே கேடயம். அதே பாறை இளைய படிவுகளின் கீழ் மறைந்திருந்தால் அது மேடை. இரண்டும் சேர்ந்ததே கிரேற்றன். ஆகவே திண்ணிலம் என்பேன்: திண்மையான நிலம். திண்ணம், திட்பம் எல்லாம் அந்த வேரில் வந்தவைதாமே.

இந்தச் சொல்லை எங்கே பயன்படுத்தக்கூடாது என்பது நமக்கு இன்னும் முக்கியம். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு பிரீகேம்பிரியன் பாறை, அதாவது ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய பாறை என்றதும் தீவையே திண்ணிலம் என்று எழுதிவிடத் தோன்றும். அது பிழை. 300 கோடி ஆண்டுகளைத் தாண்டிய பாறைகள் கொண்ட தார்வார் திண்ணிலம் கர்நாடகத்தில் இருக்கிறது. நம் பாறைகளோ, ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த மோதலில் நசுங்கி, வெந்து, உருமாறியவை. மேலே இருந்த மலைகள் தேய்ந்து போயின. பல கிலோமீற்றர் ஆழத்தில் கிடந்த அவற்றின் அடிப்பகுதியில்தான் நாம் வீடு கட்டியிருக்கிறோம். நம் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் இன்றைய உயரம்கூடப் பிந்திய அரிப்பும் மேலெழுச்சியும் தந்தது.

திண்ணிலத்துக்கும் மலையாக்கப் பட்டைக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கொழும்புச் செட்டியார் தெரு நகைக்கடைகளில் கண்ணால் பார்க்கலாம். நீலக்கல் நம் மண்ணில் விளைந்தது, வைரம் இறக்குமதி. வைரம் உருவாகி நிலைக்க, ஏறத்தாழ 150 கிலோமீற்றருக்கும் கீழே, அவ்வளவு ஆழத்துக்குக் குறைந்த வெப்பமுள்ள தடித்த வேர் வேண்டும். திண்ணிலங்களுக்கு அது உண்டு. தென்னாபிரிக்காவின் கிம்பர்லி அப்படியொரு திண்ணிலத்தின் மேல்தான் இருக்கிறது. நீலக்கல்லுக்கு வேண்டியது மலையாக்கப் பட்டையின் கடும் வெப்பமும், அலுமினியம் மிகுந்து சிலிக்கா குறைந்த பாறையும். இலங்கையின் நடுவே ஓடும் பாறைப் பட்டையான உயர்நிலத் தொகுதியில் இரண்டும் இருந்தன. அங்கே பிறந்த கற்களை ஆறுகள் அரித்துச் சேர்த்த சரளைப் படிவைத்தான் இரத்தினபுரிச் சுரங்கத்தார் 'இல்லம்' என்கிறார்கள்.