எஸ்கர்: பனியடி வரப்பு

ஃபின்லாந்தின் தென்கிழக்கில் புங்கஹர்யு என்றோர் இடம். இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒடுங்கிய மேடு ஒன்று சுமார் 7 கிலோமீட்டர் நீளத்துக்குப் போகிறது. மேலே பைன் மரங்களும் ஒரு சாலையும். இரு பக்கமும் சரிவு, சரிவின் அடியில் தண்ணீர். 1803-இல் ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாண்டர் இங்கே வந்து போனார். 1991 முதல் இது இயற்கைக் காப்பிடம். பெயரின் பின்பாதியான 'ஹர்யு' ஃபின்னிய மொழியில் இப்படிப்பட்ட மேட்டைத்தான் குறிக்கிறது.

நிலவியலில் இதற்கு எஸ்கர் என்று பெயர். 'எஷ்கிர்' என்ற ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது. தாழ்ந்த நிலங்களைப் பிரித்து நிற்கும் மேடு என்பது பொருள். அயர்லாந்தின் நடுப்பகுதியில் சதுப்பு நிலம் அதிகம். அங்கே காய்ந்த தரையில் நடக்க வேண்டுமானால் இந்த மேட்டில் ஏறியாக வேண்டும். டப்ளின் பக்கமிருந்து கால்வே வரை செல்லும் மேட்டுவரிசைக்கு எஷ்கிர் ரியாதா என்று பெயர். அதையொட்டிப் போன பழைய சாலையை ஐரிஷ்காரர்கள் 'ஸ்லீ வோர்' என்றார்கள். அப்படியே தமிழில் சொன்னால், பெருவழி!

சரி, இந்த மேடு எப்படி வந்தது? பனிப்பாளம் உருகும்போது அதன் அடியில் சுரங்கம்போல வழி உண்டாகி, உருகிய நீர் ஆறாக ஓடும். அந்த ஆறு கொண்டுவரும் மணலும் சரளையும் சுரங்கத்துக்குள்ளேயே படியும். அந்த ஆற்றுக்கு இரு கரையும் பனிதான். கடைசியில் பனி முழுதும் உருகிப் போக, கரை இல்லாமல் ஆற்றின் படுகை மட்டும் மேடாக நிற்கிறது. பள்ளத்தில் கிடக்க வேண்டிய ஆற்றுப்படுகை ஊருக்கு மேலே நிற்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

தமிழில் பெரும்பாலும் 'எஸ்கர்' என்றே எழுதிவிடுகிறோம். 'பனியாற்று மேடு' என்றால் மொரைன், டிரம்லின் (நகரும் பனியின் அடியில் உருவான நீள்வட்டக் குன்று) எல்லாமே அதற்குள் வந்துவிடும். மொரைன் பனி தானே தள்ளிக் கொட்டிய குவியல்; பாறையும் களிமண்ணும் கலந்து கிடக்கும். எஸ்கர் நீர் அரித்துப் பிரித்த சரளை. இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும்.

'பனியடி வரப்பு' என்பது என் பரிந்துரை. பனிக்கு அடியில் பிறந்தது என்பதை முன்பாதி சொல்கிறது. வரப்பை நம் மக்களுக்கு விளக்கவே வேண்டாம்: நீளமானது, வளைந்து போவது, இரு பக்கமும் நீர் நிற்க மேலே நடக்கலாம். வரப்பு மனிதர் போட்டதாயிற்றே என்று கேட்கலாம். 'பனியடி' என்ற அடைமொழி அந்த ஐயத்தைத் தீர்த்துவிடும். அப்புறம், எஷ்கிர் என்ற சொல்லில் உள்ள 'பிரித்து நிற்பது' என்ற கருத்தும் இதில் கெடாமல் வந்துவிடுகிறது. வயலுக்கும் வயலுக்கும் நடுவே வரப்பு செய்வதும் அதுதானே.