கைவிடப்பட்ட மக்காவ் கிளியை எடுத்து வளர்க்கிறீர்களா? முதலில் வனத்துறைப் பதிவைப் பாருங்கள்

ஆசைக்கு வாங்கியவர் அலுத்துப்போய்க் கைகழுவிவிடுகிறார். பாவம் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டவர்தான் பிறகு வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மக்காவ், சன் கான்யூர் கிளிகள், இகுவானா ஓணான், பால் பைத்தான் பாம்பு, மார்மோசெட் குரங்கு என்று எந்த வெளிநாட்டுப் பிராணியைக் காப்பாற்றினாலும், சட்டப்படி அதை 'வைத்திருப்பவர்' நீங்கள்தான். இலவசமாக வந்தது, தத்து எடுத்தது என்பதெல்லாம் விலக்கு ஆகாது.

சட்டம் சுருக்கமாக: வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் வந்த திருத்தம் சைட்டீஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள உயிரினங்களை 4-ஆம் அட்டவணையில் சேர்த்தது. அவற்றை வைத்திருந்தாலும், கைமாற்றினாலும், குட்டி போட்டாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 49எம் பிரிவு. அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குத் தந்த ஆறு மாத அவகாசம் அந்த ஆண்டு ஆகஸ்டோடு முடிந்தது. இப்போது கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய், திரும்பக் கிடைக்காது.

பலர் சறுக்குவது உயிரினத்தின் பெயரில். கிளி இனங்களில் பட்ஜி, காக்டெயில், பீச் ஃபேஸ் லவ் பேர்ட் மூன்றும் சைட்டீஸ் பட்டியலில் இல்லை, பதிவு வேண்டாம். ஆனால் ஃபிஷர் லவ் பேர்ட் பட்டியலில் உண்டு. கடைக்காரர் இரண்டையும் 'லவ் பேர்ட்ஸ்' என்றுதான் விற்கிறார். அறிவியல் பெயரை உறுதிசெய்யாமல் விண்ணப்பிக்காதீர்கள். தவறான பெயரில் வாங்கிய சான்றிதழ் சோதனையின்போது உங்களைக் காப்பாற்றாது. பறவையின் காலில் அடையாள மோதிரம் இருந்தால் அதன் எழுத்தும் எண்ணும் முழுதாகத் தெரியும்படி, மோதிரத்தைச் சுற்றிச் சுற்றி மூன்று நான்கு படம் எடுங்கள். தோலுக்கு அடியில் அடையாள மைக்ரோசிப் இருக்கிறதா என்று மருத்துவரிடம் ஸ்கேன் செய்து பாருங்கள். 15 இலக்க எண் வரும்.

பச்சைக்கிளி, மைனா, முனியா, நட்சத்திர ஆமை எல்லாம் நம் நாட்டு உயிரினங்கள். இவற்றுக்கு இந்தப் பதிவே கிடையாது, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். கிடைத்தால் நேரே வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

அடுத்த சிக்கல் தேதி. 30 நாள் எப்போது தொடங்கியது என்று கேட்டால் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். அதனால் பிராணி கிடைத்த அன்றே மாவட்ட வன அலுவலருக்கு ஒரு கடிதம்: எங்கே, எப்போது, யாரிடமிருந்து, என்ன நிலையில் கிடைத்தது. கூடவே படங்கள். அரசுக் கால்நடை மருத்துவமனையில் காட்டி, தேதி போட்ட சீட்டு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து தேவைப்படாவிட்டாலும் அந்தச் சீட்டு தேவைப்படும்.

இனி அலைச்சல். வனச்சரக அலுவலகத்தில் 'இது காட்டு விலங்கு இல்லையே, கால்நடைத் துறைக்குப் போங்க' என்பார்கள். அங்கே போனால் 'இது வனத்துறை' என்பார்கள். உயிரியல் பூங்காவோ வனத்துறைக் கடிதம் இல்லாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பும். நடுவில் பட்டினி கிடப்பது கூண்டில் இருக்கும் உயிர். வாய்வார்த்தையாகப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். மனுவில் '49எம்' என்று பிரிவைக் குறிப்பிட்டு, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் மாவட்ட வன அலுவலருக்கும் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கும் அனுப்புங்கள். பதிலே இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, 'என் மனு இப்போது யார் மேசையில், என்ன நடவடிக்கை' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். தூங்கும் கோப்பு பெரும்பாலும் இதில்தான் நகர்கிறது.

வேறொருவருக்குக் கொடுக்கும்போதுதான் நல்லவர்கள் மாட்டுகிறார்கள். முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. கைமாற்றியதைத் தளத்தில் தெரிவிக்காதவரை பொறுப்பு உங்கள் பெயரில்தான் நிற்கும். வாட்ஸ்அப்பில் 'பேப்பர் இருக்கு' என்று சொல்லித் தருபவரிடம் எந்தப் பேப்பர் என்று கேளுங்கள். கடை ரசீது ஆவணம் இல்லை. அவர் பெயரில் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா, அதில் உள்ள மோதிர எண்ணும் பறவையின் காலில் உள்ளதும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே கூண்டைக் கையில் வாங்குங்கள். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற சைட்டீஸ் முதல் இணைப்பு (மிகக் கடும் கட்டுப்பாடு உள்ள பட்டியல்) இனங்களை ஜோடி சேர்த்துக் குஞ்சு எடுக்க உரிமம் வேண்டும்; ஜோடி சேர்க்கவென்று தத்துக் கேட்டு வருபவர் பலர் வியாபாரிகள், கொடுக்காதீர்கள்.

பிராணி இறந்துவிட்டால் அவசரப்பட்டுப் புதைக்க வேண்டாம். மோதிரத்தோடு படம் எடுத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டி எழுத்தில் வாங்கி, தளத்தில் இறப்பைத் தெரிவியுங்கள். தெரிவிக்காமல் விட்டால் பதிவேட்டில் அது உயிரோடுதான் இருக்கும். பிறகு யாராவது விசாரிக்க வரும்போது, விற்றுவிட்டீர்கள் என்ற சந்தேகத்துக்கு உங்களிடம் பதில் இருக்காது.