லிகாண்ட்: ஈனியா, பிணைவியா?

கட்டுதல், பிணைத்தல் என்று பொருள்படும் ‘லிகாரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் லிகாண்ட். ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக் 1916-இல், சிலிக்கான் சேர்மங்களை விளக்கும்போது இதைக் கையாண்டார். பின்னர் உலோக அணுவைச் சூழ்ந்து அதற்கு எலக்ட்ரான் இணையைத் தரும் மூலக்கூறுக்கோ அயனிக்கோ இதுவே பெயராயிற்று. நம் பள்ளி வேதியியல் நூல்கள் அதை ‘ஈனி’ என்கின்றன. தருவதே அதன் வேலை என்பதால், அங்கே நல்ல சொல்தான்.

உயிர்வேதியியலில் கதை வேறு. புரதத்தில் தனக்கேற்ற இடத்தைப் பற்றிக்கொள்ளும் எந்த மூலக்கூறும் லிகாண்ட்தான். அது எலக்ட்ரான் எதையும் ஈய வேண்டியதில்லை. இங்கே ‘பிணைவி’ என்பதே சரி என்பேன். லத்தீன் வேரின் பொருளும் அதுதான்.

அல்சைமர் நோயில் இது தெளிவாகத் தெரியும். பீட்டா அமிலாய்டு என்னும் புரதத் துணுக்குகள் மூளையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இழைகளாகி, நரம்பு செல்களுக்கு வெளியே படிகின்றன. (அமிலாய்டு என்றால் ‘மாப்பொருள் போன்றது’. அயோடின் பட்டு நிறம் மாறியதைக் கண்டு 1854-இல் ஜெர்மன் மருத்துவர் விர்ச்சோ சூட்டிய பெயர். அது புரதம் எனத் தெரிந்த பிறகும் பெயர் மாறவில்லை.) இழையின் நீளவாக்கில் நுண்ணிய பள்ளங்கள் ஓடுகின்றன. தட்டையான சாய மூலக்கூறுகள் அவற்றில் போய்ப் பொருந்துகின்றன. இவைதாம் இங்கே பிணைவிகள். தயோஃப்ளேவின் டி என்ற சாயம் நீரில் தனியாக இருக்கையில் ஏறக்குறைய ஒளிர்வதே இல்லை. அதன் இரு பகுதிகளும் சுழன்றுகொண்டே இருக்கும். பள்ளத்தில் சிக்கிச் சுழற்சி நின்றதும் பளிச்சென ஒளிர்கிறது.

ஆனால் அந்தச் சாயத்துக்கு நேர்மின்சுமை உண்டு. ரத்தத்திலிருந்து மூளைக்குள் பொருள்கள் நுழைவதைத் தடுக்கும் ரத்த-மூளைத் தடையை எளிதில் தாண்டாது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிளங்க், செஸ்டர் மேதிஸ் இருவரும் அந்த மின்சுமையை நீக்கி, கதிரியக்கக் கார்பன்-11 சேர்த்துப் ‘பிட்ஸ்பர்க் சேர்மம் பி’யை உருவாக்கினர். 2002-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அதைச் செலுத்தி, கதிரியக்கப் பொருள் உடலில் எங்கே சேர்கிறது என்று காட்டும் பெட் (PET) ஸ்கேன் எடுத்தார்கள். அதுவரை பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையில்தான் உறுதியான படிவை, உயிரோடிருப்பவரின் மூளையில் பார்க்க முடிந்தது. எனக்கு இது பெரிய விஷயம்.

கார்பன்-11-இன் அரை ஆயுள் 20 நிமிடம்தான். அதைத் தயாரிக்கும் துகள் முடுக்கியான சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இன்னொரு அமிலாய்டு பிணைவியான ஃப்ளோர்பெட்டாபிரில் இருப்பது ஃப்ளோரின்-18, அரை ஆயுள் சுமார் 110 நிமிடம். அதனால் வேறிடத்தில் தயாரித்தும் மருத்துவமனைக்குக் கொண்டுவரலாம். ஆனால் பிணைவி ஒட்டியது என்பதாலேயே நோய் என்று முடிவுகட்ட முடியாது. நினைவாற்றல் குன்றாத முதியோர் பலரிடமும் படிவு உண்டு. நோயின் இன்னொரு புரதமான டௌவுக்கு வேறு பிணைவி தேவைப்பட்டது. அதற்கான ஃப்ளோர்டௌசிபிர் 2020-இல் ஒப்புதல் பெற்றது.